கடல் கண்ட நாள்

எல்லையூரில் வாழ்வோர்க்கு நாக்கு இரண்டு என்று வேடிக்கையாகக் கூறுவதுண்டு. குமுளிக் கடைத்தெருவில் தமிழில் விலை கேட்டு, மலையாளத்தில் பேரம் பேசி, இரண்டும் கலந்த மொழியில் விடைபெறுவது எங்கட்கு அன்றாட வழக்கம். மத்திய அரசு எழுத்தர் பணியின் பொருட்டுக் கம்பத்திலிருந்து மலையேறி வந்த எனக்கும் அது பழகிப்போயிற்று. ஆயினும் சென்ற ஆண்டு அவ்வழக்கமே என் இல்லத்தில் ஒரு வழக்காகிவிட்டது.

நாற்பதை எட்டிய பின் எனக்குப் பிறந்த மகள், இரண்டு வயது நிறைந்தும் பேசவில்லை. ‘அம்மா’, ‘பூ’ என இரண்டே சொற்கள். பகலில் அவளைப் பார்த்துக்கொள்பவர் அண்டை வீட்டுச் சேச்சி. என் தாயார் காரணத்தை உடனே கண்டுபிடித்துவிட்டார். “வீட்டுல ஒரு பேச்சு, அங்கிட்டு ஒரு பேச்சு, பச்சப்புள்ள எதைப் பிடிக்கும்? இனிமே அங்க அனுப்பாதப்பா” என்றார். என் மனைவியோ, கூப்பிட்டாலும் குழந்தை திரும்புவதில்லை என்பதை எண்ணி உறக்கமிழந்திருந்தாள். இறுதியில், கொச்சி நகரில் செவி மருத்துவர் ஒருவரைக் காண்பதென்றும், அப்படியே குழந்தைக்குக் கடலைக் காட்டி வருவதென்றும் முடிவாயிற்று.

விடியுமுன் வாடகைக் காரில் புறப்பட்டோம். கோட்டயம் வரை ஏறக்குறைய 110 கிலோமீட்டர். வண்டிப்பெரியாற்றில் தேயிலைத் தோட்டங்கள் பனியிலிருந்து மெல்ல வெளிப்பட்டன. பீர்மேட்டையும் குட்டிக்கானத்தையும் கடந்தபின் சாலை முண்டக்கயம் நோக்கி வளைந்து வளைந்து இறங்குகிறது. மூன்றாம் வளைவிலேயே குழந்தை பாட்டியின் மடியில் குடித்த பாலையெல்லாம் கக்கிவிட்டாள். அருவி ஒன்றின் அருகே வண்டியை நிறுத்திப் புடைவையை அலசினோம்.

இறங்க இறங்க என் காது அடைத்துக்கொண்டது. எச்சிலை விழுங்கினேன், ‘பட்’டென்று திறந்தது. அக்கணத்தில், இவ்வுலகம் இக்குழந்தைக்கு எப்பொழுதுமே இப்படித்தான் பஞ்சு அடைத்தாற்போல் கேட்கின்றதோ என்ற எண்ணம் நெஞ்சைக் குத்தியது. வழியெல்லாம் ரப்பர் மரங்கள் நிரை நிரையாய் நின்றன. அவற்றை நான் பார்த்தேனே யன்றி, மனத்தில் ஒன்றும் பதியவில்லை.

மருத்துவர், குழந்தையின் காதில் சிறு குழலொன்றை வைத்துக் காற்றின் அழுத்தத்தை மாற்றிச் செவிப்பறையின் அசைவை அளந்தார். செவிப்பறைக்குப் பின்னே நீர் தேங்கியிருப்பதாகக் கூறினார். சிறு குழந்தைகட்கு இது மிகுதியாக வருவதே. பெரும்பாலும் தானே வடிந்துவிடும். மூன்று மாதம் பொறுத்து மீண்டும் பார்க்கலாம் என்றார். என் தாயாரின் வழக்கையும் தயக்கத்தோடு அவர்முன் வைத்தேன். அவர் சிரித்தார். இரு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதமாவதில்லை. எம்மொழியாயினும் அருகிலிருந்து, முகம் நோக்கி, தெளிவாகப் பேசுங்கள் என்பதே அவர் தீர்ப்பு. அவர் மலையாளத்தில் உரைத்ததை நான் தமிழில் கூற, தாயார் ஒன்றும் பேசாது கேட்டுக்கொண்டார்.

மாலையில் கொச்சிக் கோட்டைக் கடற்கரைக்குச் சென்றோம். சீன வலைகள் கரையோரம் வரிசையாய் நின்றன. கயிற்றில் கோத்துத் தொங்கும் பெருங்கற்கள் எடைக்கு எடையாய் இறங்க, வலை நீரினின்று மெல்ல எழும் காட்சியைக் குழந்தை இமையாது நோக்கினாள். அலை காலைத் தொட்டதும் அஞ்சி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சற்றுப் பொறுத்து, கையை நீட்டி, “வெள்ளம்” என்றாள்.

மலையாளத்தில் அது தண்ணீர். சேச்சி ஊட்டிய சோற்றோடு ஊட்டிய சொல். நான் தாயாரின் முகத்தை அச்சத்தோடு பார்த்தேன். அவரோ கண்ணைத் துடைத்தவாறே, “சரியாத்தானப்பா சொல்லுது! இம்புட்டுத் தண்ணி வந்தா நம்மூர்லயும் வெள்ளம்னுதான சொல்லுவோம்” என்றார்.

திரும்பும் வழியில் எனக்குத் தேக்கடி ஏரி நினைவுக்கு வந்தது. பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் ஆறு. 1895-இல் முல்லைப் பெரியாற்றில் அணை எழுந்தபின், அதன் நீரில் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே இறங்கி, எங்கள் கம்பம் பள்ளத்தாக்கையும் மதுரைச் சீமையையும் வாழ்விக்கின்றது. இரு திசையில் சென்றாலும் நீர் ஒன்றே.

மூன்று மாதம் கழித்து மீண்டும் சென்றோம். ஒரு செவி தெளிந்திருந்தது. மற்றதற்கு இன்னும் தவணை. இப்பொழுது காலைதோறும் குழந்தையைச் சேச்சியின் வீட்டில் கொண்டு விடுபவர் என் தாயாரே. அங்கே திண்ணையில் அமர்ந்து, பேத்தியோடு தாமும் சில சொற்கள் கற்று வருகிறார்.