வேட்டி... பெல்பாட்டம்... மறுபடியும் வேட்டி!

போன மாசம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ சொன்னேன். கடைக்காரர் என்னை மேலேயிருந்து கீழே வரை ஒரு தடவை அளந்தார். ஜீன்ஸ், டி-ஷர்ட், ஸ்போர்ட்ஸ் ஷூ.

"சாருக்கு எந்த ஊரு? கல்மரம் பாக்க வந்தீங்களா?" என்றார்.

சுருக்கென்றது. இங்கிருந்து எட்டாவது கிலோமீட்டரில் பிறந்தவனய்யா நான்! நம்ம ஊர் பாஷையில் நாலு வார்த்தை பேசின பிறகுதான் நம்பினார். அதுவும் அரை மனசாக.

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். என் கேஸில் அந்த ஆள் பாதியைக் காணோம்! எங்கே தொலைத்தேன் என்று யோசித்தபடி அரியலூர் பஸ்ஸில் ஏறினேன். அங்கே ஒரு கல்யாணம். சுமார் முப்பது கிலோமீட்டர்... யோசிக்கப் போதுமான தூரம்.

எங்க ஊர் மண் கரிசல். மழை பெய்த மறுநாள் பருத்திக் காட்டில் கால் வைத்தால், ஒவ்வொரு காலோடும் ஒரு கிலோ மண் கூடவே வரும். அதனால் எங்கள் ஆண்களின் ஃபேஷனை முடிவு செய்தது சினிமா இல்லை, சேறு! முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி, ஒரு துண்டு. வெயிலுக்கு அது தலைப்பாகை, வியர்வைக்குக் கர்சீப், மரத்தடியில் தலையணை. ஒரே துண்டுதான்!

1979-ல் திருச்சிக்குப் படிக்கப் போனேன். போன பதினைந்தாம் நாள் பெல்பாட்டம் தைத்தாயிற்று. லீவில் ஊருக்கு வந்தபோது அப்பாயி திண்ணையிலிருந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தெருவக் கூட்டிக்கிட்டே வர்றான். நமக்கு வெளக்கமாறு மிச்சம்!"

படிப்பு முடிந்து, அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் மூன்று வருஷம். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் இந்தப் பக்கம் கடலாக இருந்ததாம். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் இங்கே சிமெண்ட் ஆகிறது. கொஞ்சம் என் சட்டையிலும் வந்து உட்கார்ந்தது! காலையில் நீலச் சட்டை, சாயங்காலம் சாம்பல். காலையில் மஞ்சள், சாயங்காலம் சாம்பல். ஒரே மாசத்தில் புத்தி வந்து, கடையிலேயே சாம்பல் கலராகப் பார்த்து எடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்புறம் சென்னை. டக்-இன், டை, பளபள ஷூ. இதுவரை என் உடையை மாற்றியது ஊரும் வயசும். இங்கே மாற்றியது அக்கம்பக்கத்துக் கண்கள்.

1992-ல் அப்பா என்னைப் பார்க்க வருவதாக இன்லண்ட் லெட்டர் போட்டார். 'பேண்ட் போட்டுக்கிட்டு வாங்கப்பா, காலனியில ஒரு மாதிரியா பார்ப்பாங்க' என்று பதில் எழுதினேன். எழுதின கையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வந்தார். பெரம்பலூர் டெய்லர் தைத்த காப்பிக்கலர் பேண்ட். தெருமுனையில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அப்பாவின் கை தன்னாலே தொடைப் பக்கம் போயிற்று, வேட்டியை மடித்துக் கட்ட. மடிக்கத்தான் ஒன்றுமில்லையே! தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே இறங்கி நடந்தார். பேண்ட் முழங்கால் வரை நனைந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த தடவை வேட்டியிலேயே வந்தார். கையில் ஒரு பை நிறைய சின்ன வெங்காயம். காப்பிக்கலர் பை. பக்கவாட்டில் ஒரு பாக்கெட்!

"நல்ல கெட்டித் துணிடா. ஒங்கம்மா வெட்டித் தச்சிட்டா. பத்துக் கிலோ தாங்குது" என்றார். குரலில் துளிக் கோபமில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காந்திகூட ஊருக்கு ஊர் உடை மாற்றினவர்தான். லண்டனில் கோட்டும் உயரத் தொப்பியும். 1915-ல் இந்தியா திரும்பியபோது கத்தியவார் தலைப்பாகை. 1921 செப்டம்பர் 22-ம் தேதி நம்ம மதுரை மேலமாசி வீதியில் எல்லாவற்றையும் களைந்து அரையாடை. அவர் துணியில்லாத ஏழையைப் பார்த்து மாறினார். நான் பக்கத்து ஃப்ளாட்காரரைப் பார்த்து மாறினேன். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!

பஸ் ஜன்னலுக்கு வெளியே பருத்திக் காடு. இன்னும் கிழக்கே போனால், ஜெயங்கொண்டம் பக்கம் பட்டு நெய்கிறார்கள். என் டி-ஷர்ட் லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். நூறு சதவிகிதம் பாலியஸ்டர்!

கல்யாணச் சாப்பாடு முடிந்ததும், டீக்கடைக்காரர் வாக்கும் பலிக்கட்டுமே என்று சாத்தனூர் போனேன். பதினெட்டு மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது அந்தக் கல்மரம். வயசு சுமார் பன்னிரண்டு கோடி வருஷம். கடலில் அடித்துச் செல்லப்பட்டு, மண்ணில் புதைந்து, கட்டை இருந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கல் வந்து உட்கார்ந்திருக்கிறது. உடுப்பென்ன, உடம்பையே மாற்றிக்கொண்ட மரம். ஆனாலும் பார்க்கிறவர்கள் பாறை என்பதில்லை. மரம் என்றுதான் சொல்கிறார்கள்.

மறுநாள் ஒரு நாலு முழ வேட்டி வாங்கிக் கட்டிக்கொண்டு, அதே டீக்கடைக்குப் போனேன். கையில், ஊருக்கு வரும்போதெல்லாம் மறக்காமல் எடுத்து வரும் காப்பிக்கலர் பை.

"வாங்கண்ணே! வெங்காயம் என்ன வெல சொல்றான்?" என்றார், நேற்றைய ஆள் நான்தான் என்று தெரியாமலே.

வேட்டி அவிழ்ந்துவிடக் கூடாதே என்று உள்ளே போட்டிருந்த பெல்ட்டைச் சட்டையால் இழுத்து மூடிக்கொண்டேன்!