ஸ்டாஃப் கிளப் சர்க்குலர்ல ஒரு வரி

எங்க ஸ்டாஃப் ரூம் வாசல்ல பச்சைத் துணி ஒட்டின ஒரு நோட்டீஸ் போர்டு இருக்கு. மாசக் கடைசியில அதுல ஒரு ஏ4 தாள் குத்தியிருப்பாங்க. தலைப்பு, 'ஆசிரியர் மன்றம்: வரும் மாத நிகழ்ச்சிகளும் செய்திகளும்'. நம்மள்ல யாரும் அதை நின்னு படிச்சிருக்க மாட்டோம். இன்டர்னல் மார்க் அதுல வராதுல்ல! ஆனா இந்த வருஷம் ஜனவரி சர்க்குலர்லேர்ந்து ஏப்ரல் சர்க்குலர் வரைக்கும் நாலையும் டைப் அடிச்சது நான்தான்.

கிளப் செக்ரட்டரி மேமுக்குத் தமிழ் டைப்பிங் வராது. "நீ தமிழ் மேகஸின்ல இருக்கியே மா, அடிச்சுக் குடு"ன்னாங்க. அவங்களுக்குத் தெரியாதது ஒண்ணு உண்டு. நான் எல்.கே.ஜி.யிலேர்ந்து இங்கிலீஷ் மீடியம். ஸ்கூல்ல தமிழ் ஒரு பேப்பர் மட்டும்தான். போன்ல ஆங்கில எழுத்துல அடிச்சா தமிழா மாறுமே, அதை வெச்சுதான் இந்தக் கட்டுரையையே எழுதிட்டு இருக்கேன். ல, ள, ழ மூணும் எனக்கு இன்னிக்கும் தகராறுதான்.

சர்க்குலர்ல என்ன இருக்கும்னு சொல்றேன். ஜனவரியில பொங்கல் விழா: மேம்களுக்குக் கோலப்போட்டி, சார்களுக்கு உறியடி, எல்லாருக்கும் மியூசிக்கல் சேர். பிப்ரவரியில கேரம், ஷட்டில் மேட்ச். மார்ச்ல மகளிர் தினம், அப்புறம் கல்வராயன் மலைக்கு ஒருநாள் டூர். மேகம் அருவியா பெரியார் அருவியான்னு ஓட்டெடுப்பு நடந்து, கடைசியில பஸ் போற வசதிக்காகப் பெரியார் அருவி ஜெயிச்சது. அடுத்து 'செய்திகள்'னு ஒரு பகுதி. யாருக்கு பிஎச்.டி. கிடைச்சது, யார் வீட்டுல கல்யாணம், யார் வீட்டுல துக்கம். எல்லாத்துக்கும் கீழே சந்தா பாக்கி லிஸ்ட். சந்தா பாக்கி வெச்சவர் பேரை ஒரு புள்ளி தள்ளி அடிச்சாக்கூட மேம் கண்டுபிடிச்சுடுவாங்க.

முதல் மாசம் மாடல் தேடி இன்டர்நெட்ல உட்கார்ந்தேன். உலகம் பூரா யூனிவர்சிட்டிகள்ல வாத்தியார்களுக்குன்னு கிளப் இருக்குன்னு அப்பதான் தெரிஞ்சது. கலிஃபோர்னியாவுல பெர்க்லி யூனிவர்சிட்டியோட ஃபேகல்டி கிளப் கட்டடம் 1902-ல கட்டினது. மரத்தால ஆன பெரிய ஹால், கணப்பு அடுப்பு, சாப்பாட்டு அறைன்னு பார்க்கவே ஆசையா இருந்தது. ஆனா அது ஆம்பளை வாத்தியார்களுக்கான கிளப். அதனால அங்கே வேலை பார்த்த பெண்கள் 1919-ல தங்களுக்குத் தனியா ஒரு கிளப் ஆரம்பிச்சு, 1923-ல சொந்தக் கட்டடமும் கட்டிக்கிட்டாங்க. நம்ம சென்னையிலயும் இதே கதைதான். 1832-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் கிளப்ல வெள்ளைக்காரங்க மட்டும்தான் உறுப்பினர். இந்தியர்களும் ஐரோப்பியர்களும் சேர்ந்து உட்காரணும்னு 1873-ல காஸ்மாபாலிட்டன் கிளப் வந்தது. கிளப்னு ஒண்ணு ஆரம்பிச்ச உடனே வாசப்படியும் வந்துடுது. உள்ளே யாரு, வெளியே யாருன்னு. அப்போ இதை ஒரு ஜி.கே. மாதிரி படிச்சுட்டு டேபை மூடிட்டேன்.

ஏப்ரல் சர்க்குலர் வந்தப்பதான் உறைச்சது.

சிவில் படிச்சவங்களுக்கு சர்வே லேப் ஐயாவைத் தெரியாம இருக்காது. மத்த டிபார்ட்மென்ட்காரங்களுக்காகச் சொல்றேன். டம்பி லெவல், தியோடலைட், டோட்டல் ஸ்டேஷன் எல்லாத்தையும் பூட்டித் திறந்து, துடைச்சு, எண்ணிக் கொடுத்து வாங்கி வைக்கிறவர் அவர். எங்க ஊர் வழியா வர்ற அதே காலேஜ் பஸ்லதான் அவரும் ஏறுவார். என்னை 'பாப்பா'ன்னுதான் கூப்பிடுவார்.

சர்வே லேப்ல 'ஸ்டாஃப்'னா அர்த்தமே வேற. நாலு மீட்டர் அளவுகோலுக்குப் பேரு ஸ்டாஃப். ஒருத்தர் தூரத்துல அதை நிமிர்த்திப் பிடிக்கணும், நாம லெவல் வழியா ரீடிங் எடுக்கணும். செகண்ட் இயர்ல எனக்கு ஒரு தடவை கணக்கு டேலி ஆகவே இல்ல. மூணு தடவை எடுத்தும் மூணு விதமா வந்தது. அழாத குறை. ஐயா வந்து பார்த்துட்டு, கோலை வாங்கிப் பிடிச்சார். "கோலு சாஞ்சா ரீடிங் எப்பவும் கூடத்தான் காட்டும் பாப்பா, குறையாது. நான் முன்னையும் பின்னையும் லேசா ஆட்டறேன், வர்றதுலயே சின்ன நம்பரை எழுதிக்க"ன்னார். அதுதான் கோல் நேரா நிக்கிற நேரம். அந்த ஆட்டற விஷயம் புத்தகத்துலயும் இருக்கு, நான்தான் படிக்கல. வைவால எக்ஸ்டர்னல் கேட்ட முதல் கேள்வியே அது. முழு மார்க்.

ஏப்ரல் 30-ஆம் தேதி ரெண்டு பேர் ரிட்டயர்டு ஆனாங்க. ஒருத்தர் ஒரு சீனியர் ப்ரொஃபசர். இன்னொருத்தர் லேப் ஐயா. மேம் கையால எழுதிக் கொடுத்த சர்க்குலர்ல ப்ரொஃபசருக்கு அரைப் பக்கம் இருந்தது. பாராட்டு விழா, பொன்னாடை, நினைவுப் பரிசு, குரூப் போட்டோ, மதிய விருந்து. ஐயா பேரு எங்கேயும் இல்ல.

மறந்துட்டாங்கன்னு நினைச்சுக் கேட்டேன். மேம் கோபப்படல. பொறுமையாத்தான் சொன்னாங்க. "அவர் கிளப் மெம்பர் இல்லையே மா. இது டீச்சிங் ஸ்டாஃபுக்கு. நான்-டீச்சிங்குக்கு ஆபீஸ்ல ஏதாச்சும் செய்வாங்க. அவர் மேல எங்க எல்லாருக்கும் மனசுல மரியாதை இருக்கு, அது அவருக்கே தெரியும்."

மேம் நல்லவங்க. அதுல சந்தேகமே இல்ல. அதனாலதான் எனக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல.

அன்னிக்கு ராத்திரி வீட்டுல ஆயாகிட்ட இதைச் சொன்னேன். எங்க ஊர் திருநாவலூர். உளுந்தூர்பேட்டைக்குப் பக்கம். ஊர்ல பெரியவங்க சிலர் இன்னும் திருநாமநல்லூர்னுதான் சொல்வாங்க. சுந்தரர் பிறந்த ஊர். ஆடி சுவாதிக்கு அவருக்குக் குருபூஜை நடக்கும். சின்ன வயசுல எனக்கு அது சாப்பாடு போடற நாள், அவ்வளவுதான். ஆயா கேட்டுட்டு, "நம்ம சுந்தரரே பேர் போட்ட லிஸ்ட்டு ஒண்ணு இருக்கே கண்ணு, அந்தக் கதை தெரியாதா உனக்கு?"ன்னுச்சு. தெரியாது. இருபத்தொரு வருஷமா அந்த ஊர்ல இருக்கேன், தெரியாது.

கதை இதுதான். திருவாரூர் கோயில்ல தேவாசிரியன் மண்டபம்னு ஒண்ணு. அடியார்கள் கூடி உட்கார்ற இடம். ஒருநாள் சுந்தரர் அந்த மண்டபத்தைத் தாண்டி உள்ளே போறார். அடியார்களை மனசுக்குள்ள வணங்கிட்டுத்தான் போறார்னு சேக்கிழார் சொல்றார். ஆனா மலைநாட்டுச் செங்குன்றூர்லேர்ந்து வந்த விறன்மிண்டர் அங்கே உட்கார்ந்திருக்கார். அவருக்கு வந்தது பாருங்க கோபம். அடியார்களைக் கண்டுக்காமப் போற சுந்தரரும் எங்களுக்கு வெளியாள், அவரை ஆட்கொண்ட சிவனும் வெளியாள்னு சொல்லிட்டார். அதுக்கப்புறம்தான் சுந்தரர் திரும்பி வந்து, அடியார்கள் ஒவ்வொருத்தர் பேரா வாய்விட்டுச் சொல்லி, அவங்களுக்கெல்லாம் நான் அடியான்னு பாடினார். அதுதான் திருத்தொண்டத்தொகை. பதினோரு பாட்டு.

'மனசுல மரியாதை இருக்கு'ன்னு மேம் சொன்னது அப்போ எனக்குள்ள திரும்ப ஓடுச்சு. சுந்தரருக்கும் மனசுல இருந்தது. அது பத்தலன்னு ஒருத்தர் சண்டை போட்டதாலதான் அந்த லிஸ்ட்டே வந்திருக்கு.

மறுநாள் பஸ்ல உட்கார்ந்து அந்த லிஸ்ட்ல யார் யார்னு போன்ல பார்த்தேன். தனி ஆளா 60 பேர், கூட்டமா 9 தொகையடியார். பின்னாடி சுந்தரரையும் அவரோட அப்பா சடையனார், அம்மா இசைஞானியாரையும் சேர்த்துத்தான் 63 நாயன்மார். அதுல குயவர் திருநீலகண்டர் இருக்கார். துணி வெளுக்கற திருக்குறிப்புத் தொண்டர் இருக்கார். மீனவர் அதிபத்தர், வேடர் கண்ணப்பர், நெசவுக்காரர் நேசர், கோயிலுக்குள்ள விடமாட்டாங்கன்னு 'நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்'னு சொல்லிட்டிருந்த திருநாளைப்போவார். சுந்தரரை எடுத்து வளர்த்த நரசிங்க முனையரையரும் இருக்கார். அவர் குறுநில மன்னர். ராஜாவுக்குத் தனிப் பக்கம் கிடையாது, குயவருக்குத் தனி ஆபீஸும் கிடையாது. எல்லாம் ஒரே லிஸ்ட்.

இன்னொரு விஷயமும் கவனிச்சேன். சுந்தரர் நிறைய பேருக்குக் கொடுத்தது ஒரு வரி, பாதி வரி, சில சமயம் வெறும் பேரு. அதுக்கப்புறம் நம்பியாண்டார் நம்பி ஒவ்வொருத்தருக்கும் கொஞ்சம் விரிச்சு அந்தாதி பாடினார். அதுக்கும் பிறகு, 12-ஆம் நூற்றாண்டுல சேக்கிழார் நாலாயிரத்துக்கு மேல பாட்டா பெரிய புராணம் எழுதினார். அந்த முதல் லிஸ்ட்ல பேரு விட்டுப்போயிருந்தா, பின்னாடி வந்தவங்க யாரைத் தேடிப் போயிருப்பாங்க? ஒரு வரின்னா சும்மா இல்ல.

அன்னிக்கு மத்தியானம் 'செய்திகள்' பகுதியில ஒரு வரி சேர்த்து அடிச்சேன். சர்வே லேப்ல இத்தனை வருஷம் பணிபுரிந்தவர் ஏப்ரல் 30 அன்று ஓய்வு பெறுகிறார், வாழ்த்துகள்னு. திருட்டுத்தனமா இல்ல. மேமுக்கு அனுப்பும்போதே, "ஒரு வரி நான் சேர்த்திருக்கேன் மேம், வேண்டாம்னா எடுத்துடுங்க"ன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் ப்ளூ டிக் மட்டும். மூணாவது நாள் 'ஓகே மா'ன்னு வந்தது. சர்க்குலர் போர்டுல ஏறிடுச்சு. எனக்குள்ள ஒரே பெருமை. ஏதோ பெரிசா சாதிச்ச மாதிரி ஹாஸ்டல் ஃப்ரெண்ட்ஸுக்கெல்லாம் போட்டோ அனுப்பினேன்.

சாயங்காலம் பஸ்ல ஐயா பக்கத்துல வந்து உட்கார்ந்தார்.

"பாப்பா, போர்டுல என் பேரைப் போட்டது நீயா?"

"ஆமாங்க ஐயா."

கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கமே பார்த்துட்டு இருந்தார். அப்புறம் சொன்னார். "எழுத்துதான் தப்பா இருக்கு."

அவர் பேர்ல ஒரு ழ இருக்கு. ஆபீஸ் ரெஜிஸ்டர்ல இங்கிலீஷ்ல இருந்ததைப் பார்த்து நான் அடிச்சிருந்தேன். ல வந்திருக்கு. நான் கவனிக்கவே இல்ல. சந்தா பாக்கி லிஸ்ட்டை மூணு தடவை சரிபார்த்த நான், இந்த ஒரு பேரை ஒரு தடவைகூட அவர்கிட்ட கேட்கல. மூணு வருஷமா தினமும் ஒரே பஸ். 'ஐயா, ஐயா'ன்னு கூப்பிட்டதுல அவர் பேரைத் தமிழ்ல எழுதிப் பார்க்கற தேவையே எனக்கு வரல. மேமை நான் மனசுக்குள்ள என்னவெல்லாம் குறை சொன்னேனோ, அது முழுசா என் பக்கமே திரும்பிடுச்சு.

"ஸாரிங்க ஐயா, நாளைக்கு மாத்திடறேன்"னேன். குரலே வரல.

"பரவால்ல பாப்பா. ரிக்கார்டு பூரா அப்படித்தான் இருக்கு"ன்னு சிரிச்சார். அப்புறம் என் ரஃப் நோட்டை வாங்கி, ஆடற பஸ்ல, தன் பேரை நிதானமா எழுதிக் காட்டினார். ழ-வோட வளைவை அவ்வளவு அழகா யாரும் போட்டு நான் பார்த்ததில்ல.

மறுநாள் காலையில புதுத் தாளைக் குத்தினேன். பழசை ஐயாவே கேட்டு வாங்கி, மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். "தப்பானது எதுக்குங்க?"ன்னா, "வீட்டுல காட்டத்தான். முதல்ல வந்தது இதுதானே"ன்னார்.

விழா அன்னிக்கு எல்லாம் மாறிடுச்சுன்னு நினைக்காதீங்க. பாராட்டு விழா ப்ரொஃபசருக்குத்தான் நடந்தது. அந்த ஹால்ல சேர் போட்டவங்கள்ல ஐயாவும் ஒருத்தர். கடைசியில ப்ரொஃபசர் தானே எழுந்து போய் ஐயாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து குரூப் போட்டோவுல பக்கத்துல நிக்க வெச்சார். அவ்வளவுதான். சாயங்காலம் சிவில் பசங்க நாங்க லேப்லயே ஒரு கேக் வெட்டினோம். ஐயா கடைசியா சாவிக்கொத்தைக் கொடுக்கும்போது ஸ்டாஃப் கோல் எத்தனைன்னு இன்னொரு தடவை எண்ணிட்டுத்தான் கொடுத்தார்.

எனக்கு ப்ராஜெக்ட் வைவா முடிஞ்சது. அடுத்த வருஷம் இந்த சர்க்குலரை டைப் அடிக்கப்போற ஜூனியருக்கு ரெண்டு விஷயம். ஒண்ணு, 'செய்திகள்' பகுதியில லேப், லைப்ரரி, கேன்டீன், பஸ், வாட்ச்மேன் எல்லார் ரிட்டயர்மென்ட்டும் வரலாம்னு மேம் இப்போ ஒத்துக்கிட்டாங்க. யாரும் வந்து ஞாபகப்படுத்த மாட்டாங்க. நீதான் மாசா மாசம் போய்க் கேட்கணும். ரெண்டு, பேரை ரெஜிஸ்டரைப் பார்த்து அடிக்காதே. ஒரு நோட்டை எடுத்துட்டு நேர்ல போ. அவங்களையே எழுதித் தரச் சொல்லு.