களிமண்ணும் சிரிப்பும்

புரொண்பியில் எங்கள் வீட்டுக் குசினியைத் திருத்தியபோது ஆறு வாரம் அடுப்பில்லை. மாலையில் சமையலும் இல்லாததால், கொம்யூன் உதவியுடன் நடக்கும் மாலைப் பாடசாலையில் மட்பாண்டம் பழகச் சேர்ந்தேன். பிழையாகப் பேசினால் சிரிப்பார்கள் என்ற பயத்தில் மூன்று வருடமாக டெனிஷ் பேசாதவள் நான்.

முதற் சட்டி சக்கரத்திலேயே கோணிச் சரிந்தது. இரண்டாவது சூளையில் வெடித்தது. "களிமண் ஏன் உடைந்தது?" என்று அன்றுதான் டெனிஷில் வாய்விட்டுக் கேட்டேன்.

உள்ளீரம் காயவில்லையாம், சூட்டில் அது நீராவியாகி மண்ணைப் பிளந்துவிட்டதாம். டெனிஷில் களிமண்ணும் 'லேர்', சிரிக்கிறாள் என்பதும் 'லேர்' என்று ஆசிரியை சொல்ல, வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். பயம் அத்துடன் போயிற்று.

மூன்றாவது சட்டியை இரண்டு வாரம் காயவிட்டேன். காய்ந்தும் வெந்தும் பத்திலொரு பங்கு சிறுத்தாலும் உடையவில்லை. மின்னடுப்பில் வைத்தால் வெடிக்கும் என்றார்கள். புதுக் குசினியில் மீன்குழம்பை வேறு பாத்திரத்தில் காய்ச்சி, அதில் ஊற்றி வைத்தேன். அம்மாவின் மண்சட்டி ருசி வரவில்லை. பிள்ளைகள் வழித்துச் சாப்பிட்டார்கள்.

சகோதரிகளே, புதிதாக வந்தவர்கள் உங்கள் ஊர் மாலைப் பாடசாலையை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். கை வேலை செய்யும்போது வாயும் தானாகத் திறக்கும்.