வளையல் வங்கியில், கூம்பு வாசலில்!

ரோடு தோண்டும் இடத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்து, சிவப்புக் கொடியோடு ஓர் ஆள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூம்பு, தடுப்பு, எச்சரிக்கைப் பலகை, கொடி பிடிக்கும் ஆள் எல்லாவற்றையும் கான்ட்ராக்டர்களுக்கு ஏற்பாடு செய்து தருவதே ஒரு தனித் தொழில். மதுரையில் என் நாத்தனார் 2022-ல் அதை ஆரம்பித்தாள். கணக்கு எழுதுவது நான்.

அவள் கணவர் ஒரு ரோடு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருந்தார். ராத்திரி வேலை; முன்னால் ஒரு பலகைகூடக் கிடையாது. வேன் மோதி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. "ஒரே ஒரு பலகை இருந்திருந்தால்..." என்று அதையே சொல்லிக் கொண்டிருப்பார். "அப்போ அந்தப் பலகையை நாமே வைப்போமே!" என்றாள் இவள்.

என் மாமியாருக்குச் சம்மதமில்லை. "பொம்பளைங்க நடுரோட்டில் நிற்கிறதாவது!" மகள் வளையலைக் கழற்றி அடகு வைத்தபோது, இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

கூம்பு வாங்கி அடுக்கினால் தொழில் ஆகிவிடாது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் இதற்கென்றே ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55 என்று ஒரு புத்தகம் போட்டிருக்கிறது. முதலில் வண்டிக்காரருக்கு எச்சரிக்கை. பிறகு வண்டியை மெல்ல ஒதுக்கும் சாய்வு வரிசை. அப்புறம் வேலை நடக்கும் இடம். கடைசியில் பழைய பாதைக்குத் திரும்பும் பகுதி. இதை அவள் கணவர் கூடத்துத் தரையில் புளியங்கொட்டைகளைப் பரப்பி ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். வண்டிகள் வேகமாக வரும் ரோடென்றால் பலகை இன்னும் தள்ளி இருக்கணும் என்பது எனக்கே மனப்பாடம்! ஒன்று: போக்குவரத்தைத் திருப்பிவிடும் அதிகாரம் நமக்குக் கிடையாது. போலீஸ் அனுமதியையும், ரோடு எந்த இலாகாவுடையதோ அதன் அனுமதியையும் காட்டினால்தான் எங்கள் ஆட்கள் இறங்குவார்கள்.

ஜாக்கெட் துவைப்பது என் பொறுப்பு. பளபளக்கும் பட்டையில் பிளீச்சிங், பிரஷ், இஸ்திரிப் பெட்டி எதுவும் படக்கூடாது. இருட்டில் டார்ச் அடித்துப் பார்ப்பேன், மங்கியிருந்தால் கழித்துவிடுவோம். கூம்புகள் காணாமல் போவது வேறு கதை. ஒன்று, டீக்கடை வாசலில் ஸ்கூட்டருக்கு இடம் பிடித்துக்கொண்டு நின்றது!

பக்கத்தில் கழிப்பறைக்கு ஏற்பாடு ஆன பிறகே பெண்களை அனுப்புவாள். இல்லாவிட்டால் தண்ணீரே குடிக்காமல் நிற்பார்கள். நீர்க்கடுப்பில் போய் முடியும். வருஷத்துக்கு 20 ரூபாயில் இரண்டு லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமாவிலும் எல்லோரையும் சேர்த்துவிட்டாள்.

பெரிய தலைவலி பணம்தான். கூலி சனிக்கிழமை சனிக்கிழமை கொடுத்தாக வேண்டும். கான்ட்ராக்டரோ, "எனக்கே பில் பாஸ் ஆகலைம்மா" என்று மூன்று மாதம் இழுப்பார். ஆகையால் வளையல் பணத்தில் பாதிக்குத்தான் சாமான் வாங்கினாள். மீதி கூலிக்கென்று வங்கியில். ஆதாரைக் கொண்டு உத்யம் பதிவும் செய்தாள், அதற்குக் கட்டணமில்லை. இப்படிப் பதிவு செய்த சிறு தொழில்களுக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி. சண்டையே வேண்டாமென்று, பில்லின் அடியில் அதை அச்சடித்துவிட்டோம். பாதிப் பேருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

ஒருவர் மட்டும் தீபாவளிக்கு முன் செய்த வேலைக்கு இன்னும் நாற்பதாயிரம் தரவேண்டும். அதற்கென்று உள்ள மன்றத்துக்கு மனு தயார். அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை கேட்டுவிடலாம் என்றாள். "நம்பரைக் கொடு, நான் பேசறேன்" என்கிறார் மாமியார்.