பொட்டணியும் புத்தகமும்

என் சிறுகதைத் தொகுதியின் வெளியீட்டு விழா பதுளையில் நடந்து முடிந்த மறுவாரம், மிஞ்சிய பிரதிகளை எண்ணிப் பார்த்தேன். அச்சிட்டது 500. கடிதவுறையோடு மேடையேறியவர்கள், சொந்தபந்தம், என்னோடு படிப்பித்த ஆசிரியர்கள் எல்லாமாகச் சேர்ந்து 120 போயிருந்தது. மிச்சம் 380ம் கட்டிலுக்கடியில். வீடு கூட்டும்போதெல்லாம் தும்புத்தடி அந்தக் கட்டுகளில் இடிக்கும். "இதுகள எப்ப வெளிய எடுக்கிற?" என்று மனைவி கேட்பாள்.

வெளியீட்டு விழா வரைக்கும் நமக்கு வழி தெரியும். புரவலர் ஹாசிம் உமர் போன்ற ஒருவர் முதற்பிரதியை வாங்கி நம்மைக் கைதூக்கிவிடுவார். வாழ்த்துரை, நயவுரை, ஏற்புரை என்று ஒரு நூலைப் பற்றி மூன்று மணித்தியாலம் பேச நம்மிடம் ஆளுண்டு. மூன்று வரியில் சொல்லத்தான் ஆளில்லை. எழுதியவனுக்கே அது வருவதில்லை.

எனக்கு வராதென்பதைக் காலை ரயிலில் கண்டுகொண்டேன். எதிரே இருந்தவர் பண்டாரவளைக்காரர், வாசிக்கிற மனிதர். என் மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்து, "நீங்க எழுதினதா? என்ன கதை?" என்று அவராகவே கேட்டார். இதைவிட நல்ல வாய்ப்பு எந்த எழுத்தாளனுக்குக் கிடைக்கும்? நான் தொடங்கினேன்: "மலையக மக்களுடைய வாழ்வியல் அவலங்கள, இன உறவுகளின்ட பின்னணியில, யதார்த்தமா..." தெமோதரையில் சுரங்கத்துள் நுழையும் ரயில் ஒரு சுற்றுச் சுற்றி அதே சுரங்கத்துக்கு மேலுள்ள நிலையத்தில் வந்து நிற்கும். என் விளக்கமும் அப்படித்தான் சுற்றியது. ரயில் நின்றபோது அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லது, அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்" என்றார். பிரதி என் மடியிலேயே இருந்தது.

இதற்கொரு நியாயமும் வைத்திருந்தேன். தன் நூலைத் தானே புகழ்வது ரியா அல்லவா? நம் எழுத்தாளர் பலருக்கு இந்தக் கூச்சம் உண்டு. ஆனால் ஏற்புரையில் முக்கால் மணித்தியாலம் பேசும்போது அந்தக் கூச்சம் எங்கே போகிறது என்று என்னை நானே கேட்டபோது பதில் இல்லை.

கொழும்பில் வேலை செய்யும் மகன்தான் சொன்னான், அமெரிக்காவில் இதற்கு எலிவேட்டர் பிட்ச் என்று பெயராம். லிஃப்ட் மேல்மாடி போய்ச் சேருமுன் சொல்லி முடித்துவிட வேண்டுமாம். வாழ்நாளில் லிஃப்டில் ஏறியிராத என் வாப்பாவின் நினைவு வந்தது.

வாப்பா பொட்டணி வியாபாரி. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பசறை, நமுனுகுல, ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் புடவைப் பொட்டணியோடு நடப்பார். பள்ளிக்கூட விடுமுறையில் சின்னப் பொட்டணி என் தலையில். மலையிலிருந்து இறங்கும் பெண்கள் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்கு வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். தண்ணீர் பிடிக்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும், பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும். வியாபாரிக்குக் கிடைப்பது காம்பராவின் இஸ்தோப்பில் சில கணங்கள்தான். வாப்பா பொட்டணியை அவிழ்க்கவே மாட்டார். "அக்கா, மூத்தவ சமைஞ்சு மூணு மாசமாச்சே. தாவணிக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன். ரெண்டு தடவ சாயம் போவும், அப்புறம் போவாது." அவ்வளவுதான். பிறகு ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டு சும்மா இருப்பார்.

முதல் வார்த்தை அவள் வீட்டுக் காரியம். அடுத்தது சரக்கு. மூன்றாவது சரக்கின் குறை. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட செய்தி நமக்கெல்லாம் தெரியும். வாப்பாவுக்கு அது மார்க்கமாகவும் இருந்தது, தொழிலாகவும் இருந்தது. குறையை முந்திச் சொன்னவனின் மற்றப் பேச்சை அந்தப் பெண்கள் நம்பினார்கள்.

ஒருநாள் ஆர்வக்கோளாறில் நான் என் சின்னப் பொட்டணியை அவிழ்த்துப் பரப்பிவிட்டேன். வரும் வழியில் வாப்பா சொன்னார்: "மகன், பொட்டணிய நீ அவுக்காத. அவ அவுக்கச் செல்லணும்."

பொட்டணிக்கு இலக்கியத்திலும் சம்பந்தமுண்டு. வெளியார் தோட்டத்துக்குள் கால்வைக்க முடியாத காலத்தில் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில்தான் லயங்களுக்குள் புகுந்தார் என்பது மலையக வரலாறு. சாரல்நாடனின் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' (1988) வாசித்தவர்களுக்கு அவரைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பிறகு அவரும் மனைவி மீனாட்சியம்மாளும் பாட்டுகளை மலிவான சிறு பிரசுரங்களாக்கித் தொழிலாளரிடம் கொண்டுபோனார்கள். மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடுவார். பெரியாம்பிள்ளை, கோவிந்தசாமித் தேவர், நம்மவரான ஜில் சுல்தான் என்று அந்த வரிசை நீளும். தம் பாட்டில் சமூகப் பிரக்ஞை உண்டென்று சொல்லி விற்ற மரபல்ல அது. பாட்டில் கொஞ்சத்தைக் காதில் விட்டால், மிச்சத்தைக் கேட்பவன் காசு கொடுத்து வாங்குவான். டொமினிக் ஜீவாவும் 1966இல் தொடங்கிய மல்லிகையைப் பையில் சுமந்து கைக்குக் கைதான் விற்றார். சலூன் நடத்தியவருக்கு ஆளறிந்து பேசக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?

இனி என் கட்டிலுக்கடிக்கு வருகிறேன். தொகுதியின் தலைப்புக் கதை வாப்பாவின் கடன் கொப்பியிலிருந்து வந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென எழுதினார்கள். எழுபதுகளில் தோட்டம் தோட்டமாக ஆட்கள் போனார்கள். வாப்பாவின் கொப்பியில் வெட்டப்படாத பெயர்கள் அநேகம். அவர் அவற்றை யாரிடமும் கேட்டதில்லை. ஒரு பெயர் மட்டும் பயணநாள் திகதியோடு வெட்டப்பட்டிருந்தது. ஒரு மாலை முழுக்க அந்தக் கொப்பியோடு இருந்து, அடித்துத் திருத்தி, ஒரு வாக்கியம் செய்தேன்.

பசார் வீதியில் இரும்புக்கடை வைத்திருக்கும் சிநேகிதர் புத்தகம் தொடாதவர். அவரிடம் சொன்னேன்: "இந்தியாவுக்குக் கப்பலேறப் போற அன்டைக்கு ஒரு கிழவி, அஞ்சு ரூபா புடவைக் கடனக் கட்ட எங்கட வாப்பாவத் தேடி ஸ்டேசன் முழுக்க அலைஞ்ச கதை. மத்தக் கதைகள்ல ரெண்டு சுமார்தான்." பிறகு வாயை மூடிக்கொண்டேன். கஷ்டமான வேலை அது. அவர் ஆணி நிறுத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "வாப்பாவக் கண்டாளா?" என்றார். "உள்ளுக்கு இருக்கு" என்றேன். இரண்டு பிரதி எடுத்தார்.

எல்லாக் கதைக்கும் இது வாய்க்கவில்லை. இரண்டு கதைகளுக்கு எவ்வளவு முயன்றும் வாக்கியம் வரவில்லை. ஒன்றில் விஷயமே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. மற்றது தொகுதியிலேயே நல்ல கதை. அதைச் சொல்லி விற்க முடியாது. சொல்லத் தோதான கதைகளைத்தான் எழுத வேண்டும் என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போன வருடம் பசறைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். வாப்பா உட்கார்ந்த மாதிரியான இஸ்தோப்பு. ஐம்பது கடந்த ஒரு கொழுந்துக்காரியிடம் அதே வாக்கியத்தைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"எங்க கதைய எங்களுக்கே விக்க வந்திட்டீங்களா நானா?"

விலை 400 ரூபா. நாட்சம்பளம் ஆயிரம் வேண்டுமென்று ஆண்டுக்கணக்காகப் போராடி 2021இல்தான் அதைக் கண்டவர்கள். அவள் கேள்விக்கு என்னிடம் வாக்கியம் இருக்கவில்லை. தண்ணீர் கேட்டேன். பிளேன்டி வந்தது. உயர்தரம் படிக்கும் மகளைக் கூப்பிட்டு, "இந்தா, படி பாப்பம்" என்றாள். பிள்ளை சத்தமாக வாசித்தது. பக்கத்துக் காம்பராக்காரர்களும் வந்து நின்றார்கள். ஸ்டேசன் கட்டத்தில் தாய் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இம்புட்டு அமைதியா எங்க இருந்திச்சு? நான் சின்னப் புள்ளையா அங்க நின்னவ. அதுக்குப் பேரே அழுகக் கோச்சி. அத எழுதலயே நீங்க?"

என் பிரதியின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டேன். பிள்ளை மிச்சத்தையும் வாசித்து முடித்தது. எழும்பியபோது புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு, காசு வேண்டாமென்றேன். அவளுக்கு முகம் மாறியது.

"சும்மா வேணாம் நானா. சம்பளத்துக்கு வாங்க. பேர எழுதி வச்சுக்குங்க."

என்னிடம் கொப்பி இருக்கவில்லை. என் பிரதியின் கடைசி வெற்றுப் பக்கத்தில் அவள் பெயரையும், பக்கத்தில் 400 என்றும் எழுதிக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கினேன்.