ஜன்னல் எந்தப் பக்கம்?

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் சாலை, ஞாயிற்றுக்கிழமை காலை. குட்டியானை வண்டியின் பின்கதவை இறக்கிவிட்டு, செடிகளை ஓரமாகப் பரப்பியிருந்தார் கடைக்காரர். ஐம்பது வயதிருக்கும். முன்வரிசையில் ரோஜா, செம்பருத்தி, சாமந்தி. பூக்காததெல்லாம் வண்டிக்குள்ளேயே கிடந்தது. வியாபாரம் தெரிந்தவர்.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் ரோஜாவைக் காட்டினார், காசைக் கொடுத்தார், டேங்க் மேல் வைத்துக்கொண்டு போனார். அவரிடம் கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்குச் சொல்வதில்லை போலிருக்கிறது.

அடுத்து வந்த பெண்ணுக்குப் புதிதாக வேலைக்குச் சேரும் வயது. அவள் கையும் ரோஜாவுக்குத்தான் போனது.

"வீட்டுக்குள்ள வளருமாண்ணா?"

"ஜன்னல் எந்தப் பக்கம்மா?"

திசை தெரியவில்லை அவளுக்கு. "ரெண்டாவது மாடி. தொறந்தா பக்கத்து வீட்டு செவுருதான். வெளிச்சம் வரும், வெயில் வராது."

"அப்ப ரோஜா வேணாம். மொட்டு கருகிடும், அப்புறம் என்னை திட்டுவ."

1955-இல் ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்த பிறகு எழுந்த குவார்ட்டர்ஸ் பக்கம் போனால் தரையில் மண் உண்டு, முருங்கைக்கு யாரும் யோசனை கேட்பதில்லை. இந்தச் சந்துகளில் செடிக்கு முதலில் பார்க்க வேண்டியது சுவருக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு வெளிச்சம் இறங்குகிறது என்பதைத்தான்.

கற்றாழையைக் கேட்டாள். அதற்கும் வெயில் வேண்டுமாம். வண்டிக்குள் கையை விட்டு மூன்றை எடுத்து வைத்தார்: மணி பிளான்ட், ஸ்னேக் பிளான்ட், ஸீஸீ (ZZ) பிளான்ட். தோள் துண்டை நனைத்து இலையில் படிந்திருந்த தூசியைத் துடைத்தார். உள்ளிருந்து பளபளவென்று பச்சை வந்தது. "வாரம் ஒருவாட்டி இப்படித் தொடச்சிடு. நம்ம ஏரியா தூசி தெரியுமில்ல."

"காத்த சுத்தம் பண்ணுமாமே?"

"அழகுக்கு வைம்மா."

நியாயமான பதில். செடி காற்றைச் சுத்தம் செய்யுமா என்று 1989-இல் நாசா சோதித்தது மூடிய பெட்டிக்குள். லாரிப் புகை வந்துபோகும் வீட்டில் ஒரு தொட்டி என்ன செய்துவிடும்?

"தண்ணி தினம் ஊத்தணுமா?"

சிரித்தார். ஸீஸீயின் அடிமண்ணை விரலால் விலக்கிக் காட்டினார். சின்ன உருளைக்கிழங்கு போல ஒன்று தெரிந்தது. "தண்ணி இதுலயே இருக்கு. வெரல உள்ள விட்டுப் பாரு. ரெண்டு கணு ஆழத்துக்கு காஞ்சிருந்தா ஊத்து. ஈரமா இருந்தா விட்டுடு."

மண் நனைந்தே கிடந்தால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகும், இலை மஞ்சளாகும். தாகம் என்று நினைத்து நாம் இன்னும் ஊற்றுவோம். வீட்டுச் செடிகள் பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன.

மணி பிளான்ட்டைப் பாட்டிலில் வைக்கலாமா என்றாள். "வை. வாராவாரம் தண்ணிய மாத்து. டெங்கு கொசு அதுலதான் முட்ட போடும். கார்ப்பரேஷன் ஆளுங்க வந்தா மொதல்ல அதைத்தான் பாப்பாங்க."

ஸீஸீயை எடுத்துக்கொண்டாள். பெரிய பீங்கான் தொட்டி ஒன்றையும் காட்டினாள். கவிழ்த்துப் பார்த்தார், அடியில் ஓட்டை இல்லை. தன் சரக்கையே ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டார்.

"ஊருக்குப் போனா?"

"பத்து நாள் ஒண்ணும் ஆவாது. வந்ததும் பாவம்னு ஒரு குடம் ஊத்தாத, அவ்ளோதான்."

இருநூறு சொன்னார். நூற்றைம்பதுக்கு முடிந்தது.