முதுசமும் முன்னேற்றமும்

கல்வியே அழியாச் செல்வம் என்பதை யாம் வகுப்பறையில் நாள்தோறும் உரைக்கின்றோம். ஆயினும், அச்செல்வத்தைப் பெறுதற்கும் பிறிதொரு செல்வம் முன்னரே வேண்டியிருத்தலை இந்த ஜுபிலி மலரிற் கூற விழைகின்றோம்.

1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, யாழ்ப்பாணக் குடும்பத்தின் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூவகைப்படுத்தும். முன்னோர் வழி வந்தது முதுசம். கணவனும் மனைவியும் தாமே ஈட்டியது தேடியதேட்டம். வெள்ளவத்தையிலும் எமது ஹெவ்லொக் டவுனிலும் குடியேறிய எழுதுவினைஞர் பலர், சம்பளத்தை மட்டும் நம்பி மக்களைப் படிப்பித்தாரல்லர். ஊரிலே பனங்காணி இருந்தது. மனைவியின் சீதன வளவு இருந்தது. அவற்றை ஈடுவைத்து மகனை வைத்தியனாக்கினர். 1983 ஆடிக் கலவரத்தில் இப்பகுதி வீடுகள் எரிந்து, தேடியதேட்டம் சாம்பலாயிற்று. அப்போதும் பலருக்குப் பட்டமும் ஊர்க்காணியும் கடல்கடந்த உறவும் எஞ்சின.

இனி மலையகத் தமிழரை நோக்குவோம். தேயிலை நட்ட கைகளுக்கு நிலம் உரியதன்று. லயக் காம்பராவும் தோட்டத்துக்கே உரியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அதனால் அரசாங்க உத்தியோகமும் குடியேற்றத் திட்டக் காணியும் அவர்க்கு எட்டாதனவாயின. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோர் அனைவர்க்கும் குடியுரிமை கிட்ட 2003 வரை சென்றது. இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதோ 1970களிலேதான். இவ்வாறு, ஏனையோர் முதுசம் சேர்த்த இரண்டு தலைமுறைக் காலம் இவர்க்குச் சட்டத்தாலேயே இல்லாமற் போயிற்று.

இதன் பயனை இன்றும் காண்கின்றோம். உயர்தரப் பரீட்சையில் இருவர் தவறுகின்றனர். ஒருவன் வெள்ளவத்தையிலே தனியார் வகுப்புக்குச் சென்று மறுமுறை எழுதுகின்றான். மலையகத்து மாணவனோ காலி வீதிக் கடையொன்றிற் பொதி கட்டுகின்றான். அவனுக்கு அறிவிலே குறைவில்லை. ஓராண்டு காத்திருக்க வீட்டிலே வசதியில்லை.

பழைய மாணவர்காள்! முதலாம் இடத்தாருக்குப் பதக்கம் வழங்குகின்றீர்கள், அது போற்றற்குரியதே. அதனோடு, மறுமுறை எழுத விரும்பும் மலையக மாணவன் ஒருவனுக்கு அந்த ஓராண்டின் விடுதிக் கட்டணத்தையும் உணவையும் அளிக்க முன்வருவீர்களாக. பெற்றோர் வைத்துச் செல்ல இயலாத முதுசத்தை ஒரு கல்லூரியின் மக்கள் கூடி வைத்தல் கூடும்.